பாட்டனார் உழுத நிலத்துக்குச் சான்று

(வடக்கனந்தல் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

உழவர் முன்னோர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருளைக் கேட்டவுடன் எனக்குச் சிறிது தயக்கம் ஏற்பட்டது. அரசர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதற்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு, புலவர் பாடிய பாட்டு உண்டு. உழவர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல எந்த ஏட்டைப் புரட்டுவது?

இங்கே வீற்றிருக்கும் பெரியவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பாட்டனாரின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தந்தையின் பெயரும் சிலருக்குத் தெரியும். அவருக்கும் முந்தியவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் இந்த அவையில் எத்தனை பேர்? மிகச் சிலரே இருப்பர். அவர் வெட்டிய கிணற்றில் இன்றும் நீர் இறைக்கிறோம். அவர் போட்ட வரப்பின்மேல் நாள்தோறும் நடக்கிறோம். அவர் நட்ட புளியமரத்தின் நிழலில் அமர்ந்து இளைப்பாறுகிறோம். அவருடைய பெயர் மட்டும் நம்மிடம் இல்லை.

ஆகையால் தனி ஒருவரின் கதையை நான் சொல்லப் போவதில்லை. இந்த மலையடிவாரத்தில் நான்கைந்து தலைமுறைகளுக்கு முன் ஏர் பிடித்த குடியானவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை, நிலமும் நீரும் சர்க்கார் கணக்குகளும் காட்டும் அளவில் சொல்ல முற்படுகிறேன். அவருடைய வாழ்க்கையை எழுதி வைப்பது பழம்பெருமை பேசும் வேலை அன்று. இன்று உயிரோடிருக்கும் பேரனின் உரிமையைக் காக்கும் வேலை. இதை உங்கள் மனத்தில் பதிய வைப்பதே என் நோக்கம்.

மலை ஒன்று, வயல் ஒன்று

வடக்கனந்தலில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரிகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக அம்மலை பரந்து கிடக்கிறது. அதன் பள்ளத்தாக்குகளில் பெய்யும் மழை பொட்டியம், கல்படை முதலிய இடங்களின் ஓடைகளாக இறங்கிக் கோமுகி ஆற்றில் சேர்கிறது. கோமுகி மணிமுத்தாற்றையும், மணிமுத்தாறு வெள்ளாற்றையும் அடைய, வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. 1960-களில் கச்சிராயபாளையத்தை அடுத்துக் கோமுகியின் குறுக்கே அணை கட்டப்பெற்றது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக ஆற்றில் வந்த நீரைத் திருப்பி வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் தேக்கியவர்கள் நம் முன்னோரே.

மலையில் மழை பெய்தால்தான் வயலில் நீர் பாயும். ஆகவே நம் முன்னோர் என்று சொல்லும்போது இருவரை நாம் நினைக்க வேண்டும். கீழே நன்செய் உழுதவர் ஒருவர். மேலே மலைச்சரிவில் சாமையும் தினையும் விதைத்தவர் மற்றொருவர். இருவரும் ஒரே மழையை நம்பி வாழ்ந்தார்கள். ஆனால் கணக்கு ஏட்டில் இருவருக்கும் ஒரே இடம் கிடைக்கவில்லை. அந்த வேற்றுமைதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி.

கீழே உழுதவரின் ஓர் ஆண்டு

முதலில் கீழே வாழ்ந்தவரைப் பார்ப்போம். சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவார். நாட்டுக் கலப்பை, நுகத்தடி, பரம்பு, மண்வெட்டி, கதிரரிவாள் ஆகியவையே அவருடைய ஆயுதங்கள். கோடையில் ஏரி வற்றியதும் அதன் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார். கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு ஆகிய தழைகளை மிதித்துச் சேற்றில் புதைப்பார். ஆட்டுக்கிடை மறித்து நிலத்துக்கு எரு ஊட்டுவார். கடையில் உரம் வாங்கும் வழக்கம் அவர் அறியாதது.

ஆடி பிறந்தால் மானாவாரி நிலத்தில் கம்பு, கேழ்வரகு, துவரை, ஆமணக்கு விதைப்பு நடக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்னும் பழமொழியை அவர் ஏட்டில் படித்ததில்லை, வயலில் படித்தார். ஏரி நிரம்பினால் சம்பா நடவு. நெல் அவருடைய வயலில் விளைந்தாலும் அவருடைய உலையில் நாள்தோறும் வேகவில்லை. கம்மங்கூழும் கேழ்வரகுக் களியுமே அன்றாட உணவு. நெற்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது.

கிணற்றுப் பாசனத்துக்குக் கவலையும் ஏற்றமும் இருந்தன. கோழி கூவும் நேரத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு கவலை கட்டுவார். மாடுகள் சரிவில் இறங்கும்போது கூனை மேலே வரும். தும்பி வழியாக நீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறும்போது கூனை கீழே போகும். ஒரு காணி நிலம் நனைவதற்குள் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று எண்ணினால் நமக்குத் தலை சுற்றும். இன்று விசையைத் தட்டினால் நீர் வருகிறது. அதனாலேயே நீரின் அருமை நமக்குக் குறைந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

அவர் புதுமையை வெறுத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மணிலா என்றும் மல்லாட்டை என்றும் நம் பக்கத்தில் வழங்கும் வேர்க்கடலை இந்நாட்டுப் பயிர் அன்று. தென்னார்க்காட்டு உழவர்கள் அதை 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பரப்பில் பயிரிட்டுக் கடல் கடந்து விற்பனைக்கு அனுப்பினார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் பழைய விதை வலுவிழந்து விளைச்சல் குன்றியபோது, வெளியிலிருந்து வந்த புது விதையை ஏற்று மீண்டும் அப்பயிரைத் தழைக்கச் செய்தார்கள். நல்லது என்று கண்ணால் கண்டால் ஏற்பது, ஐயமானால் ஒரு மூலையில் விதைத்துப் பார்ப்பது என்பதே அவர்களுடைய ஆராய்ச்சி முறை.

அந்த வாழ்க்கை இன்பமயமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை ஒரு பருவம் தவறினால் மாடு விலைபோகும். இரு பருவம் தவறினால் நிலம் அடகு போகும். கடனுக்கு அஞ்சியும் பசிக்கு அஞ்சியும் ஊரை விட்டுக் கப்பலேறியவர்கள் பலர். அவர்களைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்வேன்.

நீருக்குச் செய்த பணி

அக்காலத்து உழவருக்கு நிலம் தனியுடைமையாக இருக்கலாம். நீர் ஊர்ப் பொதுவுடைமை. ஏரிக்கரை பலமாக இருக்கிறதா, மதகு அடைபட்டிருக்கிறதா, வரத்துக் கால்வாயில் முள் மண்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் உரிய கடமை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பதற்கென்றே ஓர் அவை இருந்தது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் அந்தப் பொதுப்பணி குடிமராமத்து என்று வழங்கியது. வீட்டுக்கு ஓர் ஆள் கூடையும் மண்வெட்டியும் கொண்டு சென்று கரையை உயர்த்துவார். கால்வாயைத் தூர் எடுப்பார். ஆங்கில ஆட்சியினர் 1858-ஆம் ஆண்டில் இதைச் சட்டமாகவே எழுதினர். ஆயினும், அன்பாலும் அச்சத்தாலும் ஊர் கட்டிக்காத்த பழக்கத்தைச் சட்டத்தால் மட்டும் உயிர்ப்பிக்க இயலவில்லை. ஏரி சர்க்காருடையது என்னும் எண்ணம் பரவியபோது மண்வெட்டி வீட்டு மூலையில் சாய்ந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் பலவற்றின் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தும் சுருங்கியும் போயிருப்பதை நாம் நேரில் அறிவோம். குடிமராமத்து என்னும் பெயரில் 2017-ஆம் ஆண்டு அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது மகிழ்ச்சியே. அந்தப் பெயருக்குரிய மனப்பான்மையும் மீள வேண்டாவா?

ஏரி நீரைப் பங்கிட்டு வயலுக்கு விட்டவர் நீர்க்கட்டி. களத்துமேட்டில் நெல் குவிந்ததும் முதலில் அவருக்கு ஒரு பங்கு அளந்து தருவார்கள். தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்கும் அவரவர் பங்கு அளப்பார்கள். எந்த மதகு எத்தனை நாழிகை திறந்திருக்கும், எந்தக் கழனிக்கு முதல் நீர், எந்தக் கழனிக்குக் கடை நீர் என்பதெல்லாம் நீர்க்கட்டியின் நினைவில் இருந்தன. அவர் மறைந்தபோது ஓர் ஏடே மறைந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஏட்டில் ஏறிய பெயரும் ஏறாத பெயரும்

எழுத்து என்ன செய்யும் என்பதற்குக் கீழே உழுதவரின் வாழ்க்கையே சான்று. அவர் ரயத்துவாரி முறையில் நிலம் வைத்திருந்தார். சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரரின் பெயர் யாவும் கணக்கில் ஏறின. கர்ணம் அடங்கலில் பயிரைக் குறித்தார். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கு சரிபார்க்கப்பட்டது. தீர்வை கசப்பாகவே இருந்தது. ஆனால் தீர்வை கட்டிய ரசீதும் பட்டாவும் அவருடைய பெட்டியில் இருந்தன. வழக்கு வந்தபோது அந்தத் தாள் அவருக்காகப் பேசியது. கர்ணம், மணியம் பதவிகள் 1980-ஆம் ஆண்டில் நீங்கிக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய கணக்கின் வழிவந்த பதிவுகள் இன்றும் பேரனுக்குத் துணை நிற்கின்றன.

ஆனால் அந்த வயலில் உழைத்தவர் எல்லாரும் அந்த ஏட்டில் ஏறினார்களா? இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற படியாளின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. நாற்று நட்டு, களை பறித்து, விதையைத் தேர்ந்து, சாம்பல் கலந்து, குதிரில் காத்த பாட்டியின் பெயரும் இல்லை. தமிழ்நாட்டில் மகளிருக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் 1989-ஆம் ஆண்டில்தான் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே உழவர் முன்னோரின் வரலாறு என்று நாம் எழுதத் தொடங்கினால், பட்டாதாரரோடு நிறுத்துவது பாதி வரலாறு, பாதி நீதி.

மேலே உழுதவர்

இனி மலைமேல் உழுதவரைப் பார்ப்போம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் மூதாதையர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஏர் செல்லும் நிலத்தை உழவுக்காடு என்றும், ஏர் செல்லாச் சரிவைக் கொத்தால் கொத்திப் பயிரிட்டால் கொத்துக்காடு என்றும் பிரித்தார்கள். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை விளைந்தன. கடுக்காயும் புளியும் தேனும் சந்தைக்கு இறங்கின. உழைப்பில் அவர் நம் பாட்டனாருக்கு எள்ளளவும் குறைந்தவர் அல்லர்.

ஆயினும் அவருக்குப் பட்டா இல்லை. அம்மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலைவாழ் மக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழவும் அறுக்கவும் கடமைப்பட்டிருந்தனர். தாம் திருத்திய நிலத்தைத் தம்முடையது என்று சொல்ல அவர்களிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை.

இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஓமந்தூரில், உழவர் குடும்பத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக்கும் சட்டம் 1948-ஆம் ஆண்டில் அவருடைய ஆட்சியில்தான் நிறைவேறியது. நம் மாவட்டத்து உழவர் ஒருவரின் ஆட்சி சென்னை மாகாணத்தில் ஜமீன் முறைக்கு முடிவு கட்டியது என்பது நமக்குப் பெருமை. ஆனால் அதே மாவட்டத்தின் மேற்கு மூலையில், இங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில், கல்வராயன் மலை ஜாகீர்கள் 1976-ஆம் ஆண்டு வரை நீடித்தன. நாடு முழுவதும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976-ஆம் ஆண்டில்தான் வந்தது. விடுதலை நாளுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே 29 ஆண்டுகள் கழிந்தன. கீழே நாம் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தி, சாலை போட்டு, மின்விளக்கு ஏற்றிய காலம் அது. அவ்வளவு காலமும் மேலே ஒருவர் பிறருக்குக் கூலியின்றி உழுதுகொண்டிருந்தார்.

பெருமக்களே! அவர் காத்த மலையின் நீர்தான் நம் வயலில் பாய்ந்தது. அந்தக் கடனை நாம் மறக்கலாகாது.

கிழவரின் சொல்லுக்குச் சட்டம் தந்த மதிப்பு

ஜாகீர் ஒழிந்ததும் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. தலைமுறையாக உழுத நிலம் காட்டுக் கணக்கில் இருந்தால், உழுதவர் ஆக்கிரமிப்பாளர் என்னும் பெயரைச் சுமக்க நேர்ந்தது. இந்தியா முழுவதும் இருந்த இந்தக் குறையைத் தீர்க்கவே 2006-ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தன. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணை ஒன்றால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டிருந்தது. 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

இந்தச் சட்டத்தின் உட்பொருளை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிரிட்டு வந்த பழங்குடியினர், தாம் உண்மையில் பயிரிடும் அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், உரிமை கோரலாம். பழங்குடியினர் அல்லாதார், அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கோரிக்கையைப் பெற்று ஆராயத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு உரியது. கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு நிலத்தை நேரில் பார்த்துச் சரிபார்க்கும். பிறகு கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் உள்ள குழுக்களுக்கு அது செல்லும். கிராம சபையின் முடிவில் குறை காண்பவர் 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். கிடைக்கும் உரிமை, மணமானவர்க்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். அது வழிவழியாகச் செல்லும். விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது.

சான்று என்ன வேண்டும்? இங்கேதான் நம் முன்னோர் வருகிறார். விதிகள் பல வகைச் சான்றுகளை ஏற்கின்றன. அரசு ஆவணங்கள் அவற்றுள் சில. அவற்றோடு, நிலத்தைச் சமன் செய்தது, கரை போட்டது, தடுப்பணை கட்டியது, கிணறு வெட்டியது போன்ற கண்ணால் காணும் அடையாளங்களும் சான்றாகும். இடுகாடும் வழிபாட்டு இடமும் சான்றாகும். பழைய கணக்கில் பெயருள்ள ஒருவரிடமிருந்து தமக்கு வரும் வம்சாவளியும் சான்றாகும். எழுத்தில் பதிவு செய்யப்பட்ட மூத்தோரின் வாக்குமூலமும் சான்றாகும். அந்த மூத்தோர் உரிமை கோருபவராக இருத்தல் கூடாது. இவற்றுள் குறைந்தது இரண்டு சான்றுகள் கோரிக்கையுடன் இணைக்கப்பட வேண்டும்.

பாருங்கள்! பாட்டனார் கட்டிய கல் வரப்பு ஒரு சான்று. அதை அவர் கட்டியதைக் கண்ட கிழவரின் சொல் மற்றொரு சான்று. கல் வரப்பு இன்னும் நூறாண்டு நிற்கலாம். கிழவர் நிற்பாரா? அவர் கண் மூடும் நாளில் அந்தச் சான்றும் மூடிப்போகும்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நேற்று வெட்டிய காட்டுக்குப் பாட்டனாரைச் சான்றாக அழைப்பது அவருக்கே இழுக்கு. ஒரு பொய்க் கோரிக்கை பத்து மெய்க் கோரிக்கைகளை ஐயத்துக்கு உள்ளாக்கும். கிராம சபை உண்மைக்கு மட்டும் துணை நிற்க வேண்டும்.

கப்பல் ஏட்டில் ஒரு வரி

எழுதிய ஒரு வரி எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு முன்பு சொன்ன கப்பல் செய்தியைக் கேளுங்கள். 1860 முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். நம் தென்னார்க்காட்டு உழவர்களும் அவர்களோடு சென்றனர். கப்பல் ஏட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, மாவட்டம். கரும்புத் தோட்ட முதலாளியின் வசதிக்காக எழுதப்பட்ட வரி அது. அன்பினால் எழுதப்பட்டது அன்று. ஆயினும் அந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு, தமிழ் மறந்துபோன கொள்ளுப்பேரர்கள் கடல் கடந்து வந்து மூதாதையரின் ஊரைத் தேடுகிறார்கள்.

கடல் கடந்து போனவருக்கு ஒரு வரி இருக்கிறது. ஊரிலேயே இருந்து உழுதவருக்கு ஒரு வரி இல்லை என்றால் அது யாருடைய குறை?

நாம் செய்ய வேண்டுவது

குறையைச் சொல்லிவிட்டுப் போவது என் நோக்கம் அன்று. செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு பணியை உங்கள் முன் வைக்கிறேன். ஒவ்வோர் ஊரும் தன் உழவர் ஏட்டை எழுதட்டும். ஒரு பெரிய நோட்டுப் புத்தகமும் பொறுமையான ஒரு கையும் போதும். பள்ளி ஆசிரியரோ, மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவரோ, மேல்வகுப்பு மாணவரோ எழுதலாம். எழுபது வயதைக் கடந்தோர் ஒவ்வொருவரிடமும் சென்று பின்வருவனவற்றைக் கேட்டு எழுத வேண்டும்.

1. அவருக்குத் தெரிந்த முன்னோரின் பெயர்கள். ஆண்கள் பெயரோடு பெண்கள் பெயரும்.

2. அவர்கள் உழுத நிலத்துக்கு ஊரில் வழங்கும் பெயர், அதன் நான்கெல்லை, தெரிந்தால் சர்வே எண்.

3. கிணறு, கரை, வரப்பு, மரம் ஆகியவற்றை எவர் எக்காலத்தில் ஏற்படுத்தினார். ஆண்டு தெரியாவிட்டால் பஞ்சம், வெள்ளம், அணை கட்டியது போன்ற நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லலாம்.

4. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் இருந்த நீர்முறை, மதகுகளின் பெயர், முதல் நீர், கடை நீர் உரியவர்.

5. விதைத்த நெல், சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் இனப் பெயர்களும் விதையைக் காத்த முறையும்.

6. சொந்த நிலமின்றி உழைத்தோரின் பெயர்களும் அவர்கள் உழைத்த இடங்களும்.

ஐந்தாவது பொருளுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருந்து, ஊரின் விதைகளையும் செடிகொடிகளையும் பற்றிய மக்கள் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். கிழவியின் நினைவில் இருக்கும் விதைப் பெயர்கள் அப்பதிவேட்டுக்கு மூலதனம்.

எழுதும்போது மூன்று நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். சொன்னவர் பெயர், வயது, நாள் ஆகியவற்றைக் குறித்து, படித்துக் காட்டி, கையொப்பமோ கைவிரல் அடையாளமோ பெற வேண்டும். இருவர் சொல்வது மாறுபட்டால் இரண்டையும் எழுத வேண்டும்; நாமாக ஒன்றைத் திருத்தலாகாது. இந்த ஏடு எந்தக் குலத்தின் பெருமையையும் உயர்த்தும் ஏடாக மாறிவிடக் கூடாது. யார் எந்தத் தெருவில் வாழ்ந்தாலும், மண்ணில் உழைத்தவர் எல்லாரும் இதில் ஏற வேண்டும். ஏடு நிறைந்ததும் அக்டோபர் 2 போன்ற ஒரு கிராம சபை நாளில் அதைப் படித்துக் காட்டி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொரு படியை நூலகத்திலும் வைக்க வேண்டும். கோரிக்கைக்குத் தேவையானோர் அதிலிருந்து வாக்குமூலத்தை முறைப்படி எடுத்துக்கொள்ள வழி பிறக்கும். வாய்க்கால் தகராறு வந்தால் வழக்கு மன்றத்துக்கு ஓடும் முன் ஏட்டைப் புரட்டிப் பார்க்க வழி பிறக்கும்.

கீழே உள்ள ஊராரை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தோர் இங்கே மிகுதி. மலைமேல் உள்ள ஊர்களில் மூத்தோர் சொல்ல, எழுதுவதற்கு ஆள் வேண்டியிருக்கலாம். அவர்கள் அழைத்தால் சென்று எழுதிக் கொடுங்கள். மலையிலிருந்து இறங்கிய நீரைப் பல தலைமுறைகளாகப் பெற்றுக்கொண்டோம். மேலே ஏறிச் செல்ல நம்மிடமும் ஒன்று இருக்கட்டும்.

பெருமக்களே! உழவர் முன்னோர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்றீர்கள். நான் சொன்னது கொஞ்சம். மீதி உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அவரருகில் அமருங்கள். "தாத்தா, நம்ம கிணற்றை யார் வெட்டினது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். நீங்கள் எழுதத் தொடங்குங்கள்.